துப்பாக்கி இல்லை, தோட்டா மட்டும்தான்

டெக்சாஸில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், வயது 39, மென்பொருள் பொறியாளர். ஒன்பது ஆண்டுகளாக ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். மனைவிக்கு, துணைவருக்கான ஹெச்-4. கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டில் ஒரு அமெரிக்கத் தாத்தா இருந்திருக்கிறார். சனிக்கிழமை தோறும் இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பழைய கவ்பாய் படங்கள் காட்டுவாராம். அவர் போன வருடம் இறந்துவிட்டார். வீட்டைக் காலி செய்யும்போது பாட்டி மூன்று அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து, "இது உனக்கென்று சொல்லி வைத்திருந்தார்" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். 1981-ல் வின்செஸ்டர் நிறுவனம் கவ்பாய் பட நடிகர் ஜான் வெய்ன் நினைவாக வெளியிட்ட .32-40 தோட்டாக்கள். இரண்டு பெட்டி பிரிக்காதவை. மூன்றாவதில் இருபதுக்குப் பதினான்குதான் இருக்கிறது. மேல் மடிப்பின் உட்புறம் அந்த ஆறு தோட்டாக்களை எந்தெந்தத் தேதியில் சுட்டார் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாராம் தாத்தா. துப்பாக்கி தாத்தாவின் மகனுக்குப் போய்விட்டது; அவர் ஹூஸ்டனில் இருக்கிறார்.

வாசகரின் கேள்விகள் நான்கு. துப்பாக்கி இல்லாமல் தோட்டாவை மட்டும் நினைவுப்பொருளாக வைத்திருப்பதில் தவறு உண்டா? மருந்தை எடுத்துவிட்டு வெறும் கூடாக வைத்துக்கொண்டால்? ஊரில் அப்பாவிடம் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறதே, பொங்கலுக்குப் போகும்போது ஒரு பெட்டியை அவருக்குக் கொண்டுபோகலாமா? அல்லது நல்ல விலை வரும் என்கிறார்களே, இணையத்தில் விற்று மகனின் படிப்புக்குப் போட்டுவிடலாமா? கூடவே ஒரு வரி: "டெக்சாஸ்ல இதையெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்கன்னு நண்பர் சொல்றார்."

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது அவரைப் பொறுத்தவரை சரியாகவே இருக்கலாம். அவர் அமெரிக்கக் குடிமகனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்களைப் பொறுத்தவரை அது தவறு, அதுவும் ஆபத்தான தவறு. நான் குடியேற்ற வழக்குகள் பார்க்கிற வழக்கறிஞர். இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வராது. வரும்போதெல்லாம் கேட்பவர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். பதில் முடிவதற்குள் அந்தச் சிரிப்பு போய்விடும்.

டெக்சாஸ் மாநிலச் சட்டம் தோட்டா விஷயத்தில் தளர்வானதுதான். நீங்கள் பார்க்க வேண்டியது மத்திய அரசின் சட்டம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் 922-ஆம் பிரிவு, ஜி என்ற உட்பிரிவில், யார் யார் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனைக்குரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர், போதைப்பொருள் பழக்கம் உள்ளவர் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக நிற்பவர் நீங்கள்: குடியேற்றம் அல்லாத விசாவில் அனுமதிக்கப்பட்டவர். ஹெச்-1பி, ஹெச்-4, மாணவர்களின் எஃப்-1, நிறுவனத்துக்குள் மாற்றலாகி வருபவர்களின் எல்-1 எல்லாமே இதில் அடக்கம். வரி ஒழுங்காகக் கட்டுகிறீர்கள், ஒரு பார்க்கிங் அபராதம்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பிரிவு அதையெல்லாம் கேட்பதில்லை. "சரி, மனைவி பெயரில் வைத்துக்கொள்கிறோம்" என்று அடுத்துக் கேட்பீர்கள். ஹெச்-4 விசாவும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

"அல்லது தோட்டா" என்ற சொற்கள் அந்தப் பிரிவில் தனியாகவே இருக்கின்றன. அதனால் துப்பாக்கி ஹூஸ்டனில் இருக்கிறது, என்னிடம் தோட்டா மட்டும்தான் என்பது வாதமே ஆகாது.

நினைவுப்பொருள் என்ற சலுகை உண்டா?

இல்லை. ஆனால் நீங்கள் ஏன் உண்டு என்று நினைத்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. உங்களிடம் இருப்பது சாதாரணக் கடைச் சரக்கு இல்லை, ஒரு கதை உள்ள பொருள். ஜான் பிரவுனிங் வடிவமைத்த லீவர் துப்பாக்கியை, அதாவது விரல்களை நுழைத்து வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும் அந்தத் துப்பாக்கியை, வின்செஸ்டர் 1894-ல் வெளியிட்டது. அந்த மாடல் 94-க்கு முதலில் இரண்டே வகைத் தோட்டாக்கள்தான்: .32-40, .38-55. முதல் எண் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கிறது. இரண்டாவது, உள்ளே எத்தனை கிரெயின் (ஒரு சிறிய எடை அளவு) கருமருந்து என்பது. மறு ஆண்டே புகையில்லா மருந்துடன் .30-30 வந்தது. அமெரிக்கக் காடுகளில் மான் வேட்டை என்றாலே .30-30 என்று ஆகிப்போனது. .32-40 மெல்ல வழக்கொழிந்து, தொழிற்சாலைகளே அதைச் செய்வதை நிறுத்திவிட்டன.

ஜான் வெய்ன் 1979-ல் இறந்தார். இரண்டு வருடம் கழித்து அவர் பெயரில் வந்த நினைவுத் துப்பாக்கிக்கு, படங்களில் அவர் சுழற்றுகிற பெரிய வளையத்தையே வைத்தார்கள். தோட்டா வகையாக .30-30-ஐ விட்டுவிட்டு, மறந்துபோன .32-40-ஐத் தேடிப் பிடித்தார்கள். துப்பாக்கிக்குத் துணையாக அவர் படம் போட்ட இந்தத் தோட்டாப் பெட்டியும் வந்தது. ஏதோ ஒரு பரணில் தாத்தாவின் தாத்தா காலத்து .32-40 துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் வைத்திருந்தவர்களுக்கு இது தீபாவளிதான். நினைவுப்பெட்டியைப் பிரித்துச் சுட்டுத் தீர்த்தவர்கள் பலர். உங்கள் தாத்தாவும் ஆறு சுட்டிருக்கிறார்.

இத்தனையும் சேகரிப்பவருக்கு ருசியான செய்திகள். சட்டத்தில் ஒரு வரியைக்கூட இவை மாற்றாது. பழம்பொருள் விலக்கு ஒன்று இருக்கிறது என்று எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது இருக்கிறது, 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிகளுக்கு. 1897-ல் செய்த அசல் மாடல் 94 ஒன்று உங்களிடம் இருந்தால் மத்தியச் சட்டப்படி அது பழம்பொருள், இந்தப் பட்டியலுக்குள் வராது. அதில் போட்டுச் சுடும் தோட்டாவுக்கோ அந்த விலக்கு கிடையாது. விசித்திரம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. உங்களுடையதோ 1981-ல் செய்தது. பழமை பற்றிப் பேசவே இடமில்லை.

பெட்டியின் ஓரத்தில் "ஈஸ்ட் ஆல்டன், இல்லினாய்" என்று அச்சிட்டிருப்பதைப் பெருமையாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அரசு வழக்கறிஞருக்கும் அது பிடிக்கும். மத்திய அரசு இந்த வழக்கைப் போடுவதற்கு, அந்தப் பொருள் மாநிலம் விட்டு மாநிலம் போன வணிகத்தோடு தொடர்புடையது என்று காட்ட வேண்டும். இல்லினாயில் செய்த தோட்டா டெக்சாஸில் உங்கள் கேரேஜில் இருக்கிறது. வேலை முடிந்தது.

மருந்தை எடுத்துவிட்டால்?

முதலில், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குறடு வைத்துக் குண்டைப் பிடுங்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அடியில் இருக்கும் பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பி, தட்டினாலோ நசுக்கினாலோ வெடிப்பதற்கென்றே செய்தது. நாற்பது வருடம் ஆனதால் அது தூங்கிப்போயிருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

சட்டப்படியும் பயனில்லை. தோட்டா என்பதற்கு 921-ஆம் பிரிவு தரும் விளக்கம் முழுத் தோட்டாவோடு நிற்கவில்லை. கூடு, பிரைமர், குண்டு, மருந்து ஆகிய நான்கையும் தனித்தனியே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பிரித்துப் போட்டால் ஒன்று நான்காகும், அவ்வளவுதான். துளை போட்டுச் செயலிழக்கச் செய்த மாதிரித் தோட்டா, சாவிக்கொத்தில் தொங்கும் காலிக் கூடு என்று வந்தால் வாதிட இடம் உண்டு. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் வாதிட வேண்டிய இடத்துக்கே போகாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வாதம்.

எவ்வளவு பெரிய விஷயம்?

2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை 15 ஆண்டு. அதற்கு முன் 10. மூன்று பெட்டி நினைவுத் தோட்டாவுக்கு எந்த நீதிபதியும் 15 ஆண்டு எழுதப்போவதில்லை. எனக்கு அந்த எண்ணைவிட வேறொன்றுதான் கவலை. இந்தப் பிரிவில் தண்டனை பெற்றால், அது ஒரு நாளாகவே இருந்தாலும், குடியேற்றச் சட்டத்தின் மிகக் கடுமையான குற்றங்களின் பட்டியலில் அது சேர்ந்துவிடும். அதன்பின் நாடுகடத்தல், திரும்பி வருவதற்கான கதவுகளும் அநேகமாக மூடிவிடும். ஒன்பது வருட வரிசை அங்கேயே முடிந்துபோகும்.

"எனக்குத் தெரியாதே" என்று சொல்லலாமா? 2019-ல் ரெஹைஃப் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. மாணவர் விசாவில் வந்து, பல்கலைக்கழகத்தில் இருந்து நீக்கப்பட்ட ஒருவர், ஒரு சுடுகளத்துக்குப் போய்ச் சுட்டதில் மாட்டிக்கொண்ட வழக்கு அது. துப்பாக்கி கையில் இருந்தது தெரியும் என்பது மட்டும் போதாது, தன்னுடைய குடியேற்ற நிலையும் அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றார்கள். உங்களுக்கு இது உதவாது. நீங்கள் ஹெச்-1பி என்பது உங்களுக்குத் தெரியும். கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் இருந்தது சட்டம்தான். அது தெரியாது என்பது எந்த ஊரிலும் செல்லாது.

இங்கே உங்களை விட்டுவிட்டு மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து மச்சான் வந்தால், அலுவலக நண்பர்கள் கூடினால், சுடுகளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் ஒரு பெட்டி சுட்டுப் படம் போடுவது நம்மவர்களிடம் பெரிய பழக்கம். வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடிப்பதும் வைத்திருப்பதுதான். வாசலில் கொடுக்கும் படிவத்தில் சின்ன எழுத்தில் இதையே கேட்டிருப்பார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ரெஹைஃப் சுட்டதும் அப்படி ஒரு இடத்தில்தான். அந்தப் படங்களை ஆண்டுக்கணக்கில் முகநூலில் விட்டு வைத்திருக்கிறவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வேட்டை உரிமம் என்ற வழி

சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத ஹண்டிங் லைசென்ஸ் கையில் இருந்தால் விசாவில் இருப்பவருக்கும் விலக்கு உண்டு. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டையாடும் முன் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். உங்கள் வயதுக்கு அது பொருந்தும். எடுப்பதில் சிரமம் இல்லை. சிக்கல் இரண்டு. இன்று எடுக்கும் லைசென்ஸ் இன்று முதல்தான் காக்கும். பாட்டி கொடுத்த நாளில் இருந்து இன்றுவரை உள்ள மாதங்களை அது கழுவிவிடாது. அடுத்து, டெக்சாஸில் வழக்கமான ஆண்டு லைசென்ஸ் எந்த மாதம் எடுத்தாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். ஒரு வருடம் புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் முதல் தேதி காலையில் மறுபடியும் அதே நிலை. உண்மையிலேயே வேட்டைக்குப் போக ஆசை என்றால் தாராளமாக எடுங்கள். மூன்று பெட்டியைக் காவல் காப்பதற்காக மட்டும் எடுப்பதை நான் சொல்ல மாட்டேன்.

ஊருக்குக் கொண்டுபோவது

வேண்டவே வேண்டாம். விமான நிறுவனங்கள் ஐந்து கிலோ வரை செக்-இன் பெட்டியில் தோட்டாவை அனுமதிக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். விதி அப்படித்தான். அது விமானத்தின் பாதுகாப்பு பற்றிய விதி, நீங்கள் அதை வைத்திருக்கலாமா என்பது பற்றியது அல்ல. முறைப்படி கவுண்டரில் சொல்லி ஒப்படைத்தால், "என்னிடம் தோட்டா இருக்கிறது" என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்த மாதிரி. சொல்லாமல் வைத்தால் அது தனிக் குற்றம். தோட்டாவை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போக அமெரிக்க ஏற்றுமதி விதிகளும் குறுக்கே நிற்கும். குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் உள்ள சலுகை உங்களுக்கு இல்லை.

அந்தப் பக்கம் இறங்கினால் இந்திய ஆயுதச் சட்டம், 1959. அப்பாவின் லைசென்ஸ் எந்தத் துப்பாக்கிக்கோ அந்தத் தோட்டாவுக்குத்தான், அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குத்தான். இரட்டைக்குழல் துப்பாக்கிக்கான லைசென்ஸ் புத்தகத்தில் .32-40 எப்படி வரும்? இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும். சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் நேராகக் காவல் நிலையம். விமான நிலையத்தில் ஒரு தோட்டாவோடு பிடிபட்டு, பிறகு உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்த செய்திகளை நீங்கள் படித்திருக்கலாம். 1994-ல் சஞ்சய் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசிய, உணர்ந்து வைத்திருத்தல் என்ற கருத்தின் பேரில் வருபவை அவை: பையில் இருந்தது அவருக்கே தெரியாது, ஆகவே குற்றமில்லை. நீங்களோ பொங்கலுக்கு அப்பாவுக்கு என்று தெரிந்தே கட்டி எடுத்துப் போகிறீர்கள். ஓய்வு காலத்தில் அப்பாவின் லைசென்ஸும் பறிபோகலாம்.

விற்பது

விலை பற்றி உங்களுக்கு யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். வின்செஸ்டர் 1960-களில் இருந்தே நினைவுத் துப்பாக்கிகளை வரிசையாக விட்டது. 1966-ல் வந்த நிறுவன நூற்றாண்டு மாடலை மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஜான் வெய்ன் துப்பாக்கியின் எண்ணிக்கை ஐம்பதாயிரம் அளவில். வாங்கிய பலரும் இது பின்னால் பொன்னாகும் என்று உறை பிரிக்காமல் பூட்டி வைத்தார்கள். எல்லோரும் பூட்டி வைத்த பொருள் எப்படி அரிதாகும்? பிரிக்காத பெட்டிக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு உண்டுதான். ஒரு மகனின் படிப்புச் செலவுக்கு அது பக்கத்தில்கூட வராது. அதோடு, விற்பதற்கு நீங்கள் போடும் விளம்பரத்தில் உங்கள் பெயரும் பொருளின் படமும் இருக்கும். அமெரிக்க அஞ்சலில் தோட்டா அனுப்புவதும் தடை.

இனி என்ன செய்வது

இந்த வாரமே உங்கள் ஊரில் குற்றவியலும் குடியேற்றமும் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் வாங்குங்கள். அவரிடம் சொல்வது அவரோடு நிற்கும். எனக்கு எழுதிய இந்தக் கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால்தான் அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பழைய தோட்டாவைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது மற்றவர்களுக்கு எளிய வழி. உங்கள் நிலையில் அவரைக் கேட்காமல் அங்கே போன் செய்யாதீர்கள்.

நான் அந்த வழக்கறிஞரின் இடத்தில் இருந்தால் முதலில் பார்ப்பது ஹூஸ்டன் மகனைத்தான். அவரிடம் துப்பாக்கி இருக்கிறது, தோட்டாவும் அதோடு சேர வேண்டியது. அவரே வந்து எடுத்துப்போக வேண்டும். நீங்கள் காரில் போட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் ஓட்டிக் கொடுக்கப் போகாதீர்கள். வழியில் வேகத்துக்காக நிறுத்தினால்கூடப் போதும். குப்பையில் போடுவதும், கேரேஜுக்குள் இடம் மாற்றி ஒளிப்பதும், நண்பர் வீட்டில் வைப்பதும் வேண்டாம். மூன்று பெட்டித் தோட்டாவுக்காக யாரும் கதவைத் தட்டி வருவது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருட்டு நடந்தால், தீ பிடித்தால், பக்கத்தில் தகராறு என்றால் போலீஸ் உள்ளே வரும். அப்போது கண்ணில் படுவதுதான் வழக்கம்.

பாட்டியிடம் கோபப்படாதீர்கள். விசாவில் இருப்பவர் என்று தெரிந்தே கொடுப்பதும் அதே பிரிவில் குற்றம்தான்; ஆனால் ஹெச்-1பி என்றால் என்ன என்று அந்த அம்மாவுக்கு எங்கே தெரியப் போகிறது? அவர்களைப் பயமுறுத்தாமல், "இது குடும்பத்தில் இருக்க வேண்டிய பொருள்" என்று சொன்னால் போதும். அதுவும் உண்மைதானே.

கிரீன் கார்டு விண்ணப்பத்தில், கைதாகாவிட்டாலும் குற்றம் ஏதும் செய்ததுண்டா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு என்ன எழுதுவது என்பதை அந்த ஒரு மணி நேரத்திலேயே கேட்டு வையுங்கள். ஊகத்தில் நிரப்ப வேண்டாம்.

உங்கள் மகன் அந்தத் தோட்டாக்களை அடுக்கி எண்ணி விளையாடுகிறான் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இன்றே நிறுத்துங்கள். அந்தக் குண்டுகளின் முனையில் ஈயம் வெளியே தெரியும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பள்ளிக்கு ஒன்றை எடுத்துப்போய் நண்பர்களிடம் காட்டினால் பள்ளி போலீஸைக் கூப்பிடும். அவர்கள் முதலில் வருவது உங்கள் கேரேஜுக்கு.

அப்புறம் ஒன்று. 921-ஆம் பிரிவின் விளக்கத்தில் கூடு இருக்கிறது, பிரைமர் இருக்கிறது, குண்டு இருக்கிறது, மருந்து இருக்கிறது. அட்டைப்பெட்டி இல்லை. ஹூஸ்டன் மகன் வரும்போது பதினான்கு தோட்டாக்களையும் அவரையே எடுத்து வேறு டப்பாவில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பென்சிலில் தேதி எழுதிய அந்தக் காலிப் பெட்டியை உங்களுக்குத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.